மூன்றாவது இலை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாகக் கோபித்துக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டால் ‘ம்’ என்பாய். அதனால்தான் கடிதம். ‘ம்’ என்று எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும் அல்லவா?

நீ அனுப்பிய லாரி நேற்றுக் காலையில் வந்தது. நாற்பது கட்டு காய்ந்த புல். பண்ணையே வாசலுக்கு ஓடிவந்துவிட்டது. இந்த வருஷம் பாத்தி மண்ணை மூடிவைக்க, மூடாக்குக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முப்பத்திரண்டு குடும்பமும் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். நீ போகும்போது இது செங்கல் சூளை விட்டுப்போன மேடு. மண்வெட்டியைப் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் வரும். இப்போது வந்து கையை விட்டுப் பார், மணிக்கட்டு வரை போகிறது. உழாமல், மருந்தடிக்காமல், மண்ணை ஒரு நாளும் வெறும் உடம்பாக வெயிலில் விடாமல் ஏழு வருஷம் கூட்டாகக் கட்டிக் காத்திருக்கிறோம். மூடாக்கு இல்லாவிட்டால் ஒரே கோடையில் எல்லாம் போய்விடும். ‘டீச்சரம்மா தம்பியாமே, எவ்ளோ நல்ல மனசு’ என்று எல்லோரும் சொல்ல, எனக்குத் தலை கால் புரியவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவிக் கொடுக்கிற என்னை இவர்கள் டீச்சராக்கியதே பெரிசு.

‘காய்ச்சல்’ மட்டும் சிரிக்கவில்லை. நீ போன பிறகு வந்தவர், உனக்குத் தெரியாது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை, வாசல் பக்கத்து அறையில்தான் குடியிருப்பு. நீளமான வெப்பமானியை எரு மேட்டில் சொருகி ‘அறுபது டிகிரி, நல்ல காய்ச்சல்’ என்று சொல்வார், அதுவே பேராகிவிட்டது. மண்ணுக்கு மேலே என்ன போவதானாலும் அவர் பொறுப்பு. லாரி வந்தவுடன் உன் கட்டுகளில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். வெளியிலிருந்து எது வந்தாலும் நீ இருந்த காலத்திலிருந்தே வழக்கம் இதுதான். அதில் கொஞ்சம் எடுத்து மண்ணோடு கலந்து மூன்று தொட்டியில் பீன்ஸ் விதை போடுவேன். மூன்றாவது இலை தட்டையாக விரிந்தால் பச்சைத் துணி, அப்புறம்தான் பாத்தியில் போடலாம். இரண்டு வாரம் ஆகும். நோட்டில் நான் ஒரு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து. ‘டீச்சரம்மா, தம்பி புல்லா இருந்தாலும் புல்லுதான்’ என்றார். மூஞ்சியைப் பார், மழையில் நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் மெக்கானிக் வேலை எப்படி? வண்டி, எஞ்சின் எல்லாம் சுகமா?

உன் அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

‘ம்’ இல்லாமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள். உடம்பு பழுதில்லை. அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

புல் ஒழுங்காக வந்து சேர்ந்ததில் நிம்மதி. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. கட்டிவைத்ததில் கொஞ்சம் மழையில் நனைந்தது, மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். வீணாகப் போவது உங்களுக்காவது ஆகட்டுமே என்று லாரிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிவிட்டேன். ஆறு வருஷமாக அந்தப் பண்ணைக்கு நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. வாசல் பலகையில் பெயின்ட் அடித்ததோடு சரி. பலகை இன்னும் இருக்கிறதா?

என் வேலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. கழற்றுவது, மாட்டுவது, கழுவுவது.

பீன்ஸ் இந்நேரம் முளைத்திருக்கும். உன் தொட்டிகளைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு


மார்ச் 18

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். எனக்குக் கை ஓடவில்லை.

முந்தாநாள் காலையில் வழக்கம்போலப் பண்ணைக்குப் போனேன். தக்காளிப் பாத்தி ஓரமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. அத்தனை பேர் கூடி, ஒருவரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை; நம் பண்ணையில் இரண்டு பேர் சேர்ந்தாலே மூன்று கருத்து வரும். எட்டிப் பார்த்தேன். தக்காளி நுனி எல்லாம் முறுக்கிக்கொண்டு, புது இலை விரல் மாதிரிச் சுருண்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. தண்டு வளைந்து வளைந்து போகிறது. பூச்சி இல்லை, புள்ளி இல்லை, வாடவும் இல்லை. பச்சைப் பசேலென்று இருந்துகொண்டே உருக்குலைந்து நிற்கிறது. பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, எல்லாப் பாத்தியும் அப்படித்தான். வெங்காயமும் சோளமும் மட்டும் ஒன்றும் தெரியாதது போல நிற்கின்றன.

தையல்காரர் வீட்டு மூலைப் பாத்தி ஒன்றுதான் தப்பியது. அவர் வந்து பார்த்துவிட்டு, தன் செடி நன்றாக இருப்பதற்காகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

காய்ச்சல் பாத்தி பாத்தியாக மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்திருக்க என் கையைப் பிடித்தார். ‘இது நோயில்ல டீச்சரம்மா. யாரோ மருந்து போட்ட மாதிரி இருக்கு’ என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏழு வருஷம், தம்பி. என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உனக்கு இந்த ஊர் உலகம் தெரியும், இப்படி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? உடனே எழுது.

அக்கா


மார்ச் 29

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே நடந்ததைக் கேள். செடி சுருளுவதற்கு இரண்டு வாரம் முன்னால் காய்ச்சல் எல்லாப் பாத்திக்கும் ஒரு கஷாயம் ஊற்றினார். இலை தழையை ஊறவைத்து அவரே வருஷா வருஷம் செய்வதுதான். இந்த முறை அதை ஊறவைத்த நீல நிறக் கேன் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. அதை யாரோ நினைவுபடுத்தினார்கள். அவர் அறையிலிருந்து கேனைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள். மேலே ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது. அது எந்தக் கேன், முன்னால் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதுவே போதுமானதாக இருந்தது.

கருவிக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். ‘கேன கழுவினீங்களா?’ என்று கேட்டார்கள். ‘கழுவினேன். மூணு தடவ’ என்றார். ‘அதுல மருந்து இருந்திருக்கவே முடியாதுன்னு சொல்ல முடியுமா?’ அவர் கேனைத் தூக்கி அடிப்பக்கம் வரை திருப்பிப் பார்த்தார். ‘அப்படிச் சொல்ல முடியாது’ என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் வருஷம் நாம் எல்லோரும் சேர்ந்து போட்ட விதி உனக்கு நினைவிருக்கும், நோட்டில் எழுதியவனே நீதானே: வேலிக்குள் விஷம் கொண்டுவந்தவர் வேலிக்குள் இருக்கக் கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தாறு கை. நான் தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, அது யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் மண்வெட்டி தொங்கும் கொக்கியைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். ஆளுக்கொரு கொக்கி, மேலே பேர். அதைக் கழற்றினால் அவ்வளவுதான். ஏப்ரல் முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அறுபத்தேழு வயதில் அவருக்கு வேறு வீடு வாசல் இல்லை.

நீ ஏன் எழுதவில்லை?

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

இரண்டு கடிதமும் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன்.

சில விஷயம் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. தண்டு முறுக்கிக்கொண்டு, நுனி இலை கிண்ணம் மாதிரிக் குவிந்திருக்கிறதா? தையல்காரர் பாத்திக்கு நான் அனுப்பிய புல்லைப் போட்டீர்களா, இல்லையா? அங்கேயும் கஷாயம் ஊற்றினார்களா? மூன்று தொட்டியில் பீன்ஸ் வைத்தாயே, அதில் என்ன வந்தது?

கடைசிக் கேள்விக்கு மறக்காமல் பதில் எழுது.

அந்தப் பெரியவரை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம் என்று சொல்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

என்ன இது, கடிதமா, போலீஸ் விசாரணையா? ‘வாலு’ என்று கையெழுத்துப் போடக்கூட உனக்கு நேரமில்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை.

ஆமாம், கிண்ணம் மாதிரித்தான் குவிந்திருக்கிறது. தையல்காரர் பாத்திக்குப் புல் எட்டவில்லை, முப்பத்தொன்றாவது பாத்தியோடு தீர்ந்துவிட்டது; அவர் வீட்டில் வெட்டிய துணித் துண்டுகளைப் பரப்பி மூடிக்கொண்டார். கஷாயம் அங்கேயும் ஊற்றினார்கள் என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சல் ஒரு பாத்தியை விடுகிற ஆளில்லை.

நேற்று அவர் அறைக்குப் போனேன். கட்டில், ஒரு பெட்டி, சுவரில் பழைய பஸ் நேர அட்டவணை. வெப்பமானியைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். ‘இது பண்ணைக்குச் சொந்தம், வெச்சுக்கங்க. என் கையால எதையும் தொட்டுப் பாக்கவே பயமா இருக்கு டீச்சரம்மா. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழிமேலகூட ஏத்துனதில்ல. கடைசியில முப்பது வீட்டுச் சாப்பாட்டுமேல ஏத்திட்டேனே’ என்றார். நான் வெப்பமானியை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, ‘தம்பி சுகமா இருக்காரா?’ என்று கேட்டார்.

தம்பி, நீ சுகமாகத்தானே இருக்கிறாய்? அந்தப் புல்லைப் பற்றி ஏன் இத்தனை கேள்வி?

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. வந்த முதல் மாதத்திலிருந்து மருந்து தெளிக்கிற வண்டிதான் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி நீளக் குழாய், பின்னால் பெரிய தொட்டி. காலையில் மருந்து கலப்பேன், நாள் முழுக்கத் தெளிப்பேன், சாயங்காலம் தொட்டியைக் கழுவுவேன். ‘கழற்றுவது, மாட்டுவது, கழுவுவது’ என்று எழுதினேனே, அதில் பொய் இல்லை என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். ‘இந்த வேலிக்குள் விஷம் வராது’ என்று அந்தப் பலகையில் எழுதியது என் கை. அந்தக் கை இப்போது என்ன செய்கிறது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உன் முகம் போகிற போக்கை நினைத்தே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

உனக்கு வந்த நாற்பது கட்டும் நான் மருந்து தெளித்த வயலில் அறுத்தவை. போன வருஷம் அறுப்புக்கு முன்னால் தெளித்தது. புல்லையும் புல் மாதிரி ஒல்லி இலைச் செடிகளையும் ஒன்றும் செய்யாது, அகல இலைக் களைகளை மட்டும் கொல்லும். உன் மார்ச் கடிதத்தில் வெங்காயமும் சோளமும் மட்டும் தப்பியதைப் படித்ததுமே எழுந்தேன். போய் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷமாகத் தினமும் திறக்கிற டப்பா. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: இந்த மருந்து பட்ட புல்லை மூடாக்காகவோ எருவாகவோ பயன்படுத்தக் கூடாது, வருஷக்கணக்கில் தங்கும் என்று. எரு மேட்டின் சூட்டுக்கும் அது போகாதாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

தெரிந்தே அனுப்பவில்லை, அதை மட்டும் நம்பு. மழை பெய்தது, மாதங்கள் ஆயின, போயிருக்கும் என்று நினைத்தேன். ஏற்றும்போது ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. எப்படியும் நீ பீன்ஸ் வைத்துப் பார்ப்பாய், ஏதாவது இருந்தால் உன் தொட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பீன்ஸுக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. மூன்றாவது இலை கட்டாயம் சுருண்டிருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், அதற்கு மட்டும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. கட்டுகளை வெளியே கொடுக்கக் கூடாது என்பது இங்கே உத்தரவு. தெரிந்தால் வேலை போகும், கம்பெனி கொடுத்த இந்த அறையும் போகும். உன் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

உன் கடிதம் ஏப்ரல் முப்பதாம் தேதி மதியம் வந்தது. அன்று காலையில்தான் காய்ச்சல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

முதலில் உன்னைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறு வருஷம், ‘எஞ்சின் சுகமா’ என்று ஒரு பைத்தியக்காரி போலக் கேட்டிருக்கிறேன். ஆனால் திட்ட எனக்கு வாயில்லை. நீ கேட்ட அந்தக் கேள்விக்கு இதோ பதில்: தொட்டியில் ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் நான் விதையே போடவில்லை.

லாரி வந்த நாலாம் நாள் கடும் வெயில் வரும் என்று செய்தியில் சொன்னார்கள். மண் வெடிக்கத் தொடங்கியது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் தம்பி அனுப்பிய புல்லுக்கு என்ன பரீட்சை, பலகை எழுதியவனே அவன்தானே என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, பெருமையாக இருந்தது. நோட்டில் ‘சரி’ என்று எழுதி, நானே சிவப்பை அவிழ்த்துப் பச்சையைக் கட்டினேன். ‘பாத்தாச்சா டீச்சரம்மா?’ என்றார் காய்ச்சல். ‘பாத்தாச்சு’ என்றேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.

நீ என்னை நம்பி அனுப்பினாய், நான் உன்னை நம்பிப் பரப்பினேன். நடுவில் அந்த மனிதர் நசுங்கிப்போனார். மார்ச் மாதமே என் மனத்துக்குள் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. தையல்காரர் பாத்தியில் புல் இல்லை என்பது என் கண்ணில் படாமலா இருந்தது? பட்டது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கூட்டத்தில் மடியில் கிடந்த கை என் கைதான்.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார் என்று விசாரித்துப் போனேன். ‘கேன் இல்லை, கஷாயம் இல்லை, புல்’ என்று சொன்னேன். நான் விதை போடாததையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ‘அப்ப நான் இல்லையா?’ என்றார். இரண்டு தடவை கேட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகை என்னால் மறக்க முடியாது.

அன்றே பண்ணைக்குப் போய் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். என் தப்பை முழுவதும் சொன்னேன், உன் பேச்சை எடுக்கவில்லை. கேட்டால் உனக்கு அதிர்ச்சியாக இருக்கும்: ஒருவரும் நம்பவில்லை. ‘புல்லுல போய் என்ன விஷம் இருக்கும், டீச்சரம்மா? அது பச்சையா, நல்லாத்தானே இருந்துச்சு. அவரக் காப்பாத்தணும்னு பழிய உங்க தலையில போட்டுக்காதீங்க’ என்கிறார்கள். தையல்காரர் பாத்தியைக் காட்டினால், ‘அங்க கஷாயம் எட்டியிருக்காது’ என்கிறார்கள். ஒருத்தி என் கையைத் தடவிக்கொடுக்கிறாள். உண்மையைச் சொல்லியும் எனக்கு நல்ல பேர்தான் வருகிறது, தம்பி. இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

அவர்களை நம்பவைக்க என்னிடம் இருப்பது ஒன்றுதான், உன் கடிதம். அதை நான் கிழிக்கவில்லை. உன்னைக் கேட்காமல் படித்துக் காட்டவும் மாட்டேன். படிக்கட்டுமா?

அக்கா


மே 19

தம்பிக்கு,

பதில் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூன் முதல் தேதி கூட்டம். காய்ச்சல் தன் அறையில் சன்னல் ஓரம் ஒரு தகர டப்பாவில் நம் பாத்தி மண்ணைப் போட்டு விதை வைத்திருக்கிறார். இரண்டு இலை வந்திருக்கிறது. மூன்றாவது சுருண்டு வந்தாலும் பண்ணைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். அது கேன் செய்த வேலை என்பார்கள். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் ‘வேண்டாம்’ என்றாவது எழுது.

அக்கா


மே 25

பண்ணைக் குடும்பங்கள் அனைவருக்கும்,

உங்கள் வாசல் பலகையை எழுதியவன் எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

பிப்ரவரியில் வந்த நாற்பது கட்டுப் புல்லும் என் கையால் களை மருந்து தெளித்தது. மருந்து டப்பாவின் லேபிளை உரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம், கீழிருந்து நாலாவது வரியைப் பார்க்கவும். உங்கள் செடிகளுக்கு என்ன ஆனதோ அது அப்படியே அங்கே எழுதியிருக்கிறது. நீலக் கேனில் ஒன்றும் இல்லை. அந்தப் பெரியவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கொக்கியை அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள், என் சார்பாகவும்.

கட்டுகளை வெளியே கொடுத்ததை இங்கே மேலாளரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியோடு கணக்கு முடிகிறது, அறையை ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இதைச் சொல்வது இரக்கத்துக்காக இல்லை. இனி எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிவதற்காக.

அக்கா, உனக்குத் தனியாக எழுத வரவில்லை. இதையே நீ படித்துக் காட்டு. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது, கை வராததால்தான். விதை போடாதது ஒரு தப்பு என்றால் அதற்கும் காரணம் நான். இவர்கள் யாரையாவது தண்டிக்க வேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும்.

உங்கள் பழைய ஆள்


ஜூன் 18

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

நாம் பார்த்துக்கொண்டதில்லை. என்னை இங்கே காய்ச்சல் என்பார்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, ஏற்றத்தாழ்வாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உடம்பு திடமாக இருக்கிறதா? வேலை போனதாக எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

இதை உங்கள் அக்கா எழுதியிருக்க வேண்டும். எழுத மாட்டேன் என்கிறார். அதனால் நான்.

உங்கள் கடிதத்தை அவரே நின்று படித்தார். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. லேபிளைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலாவது வரியைச் சத்தமாகப் படித்தார். என் கொக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள். நல்ல மனிதர்கள்தான்.

அதன் பிறகு ஒருவர் எழுந்து, நோட்டில் நீங்கள் எழுதிய விதியைப் படித்தார். ‘காய்ச்சலுக்கு ஒரு நியாயம், டீச்சரம்மாவுக்கு ஒரு நியாயமா?’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் அக்கா அவரை முடிக்க விடவில்லை. சுவரிடம் போனார். தன் கொக்கியைத் தானே கழற்றினார். திருப்புளிகூட வாங்கவில்லை, கையாலேயே திருகினார். அதை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, எனக்கு நாக்கு எழவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாக்கு எழுந்தபோது நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். லாரி வந்தது திங்கட்கிழமை. பச்சைத் துணி கட்டியது வெள்ளிக்கிழமை. நாலு நாளில் பீன்ஸ் மண்ணை விட்டுத் தலையே நீட்டாது, மூன்றாவது இலைக்கு எங்கே போவது? அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ‘பாத்தாச்சு’ என்று உங்கள் அக்கா சொன்னால் பார்த்த மாதிரிதான். முப்பது வருஷத்தில் பின்னால் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான் என்பதற்காகக் கண்ணாடியைப் பார்க்காமல் நான் வண்டியைப் பின்னால் எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தேன். ‘நான் மட்டுமா? அந்தத் துணி வெள்ளிக்கிழமை பச்சையா மாறினத எல்லாரும்தான் பாத்தீங்க. இங்க யாருக்கு நாள் எண்ணத் தெரியாது? விதிப்படி பாத்தா இந்தச் சுவத்துல ஒரு கொக்கி மிஞ்சாது’ என்றேன். முடிவெடுக்காமல் கலைந்தார்கள். இருபத்தெட்டாம் தேதி மறுபடி கூட்டம்.

அதற்குள் நீங்கள் வர வேண்டும். மூன்று காரணம் சொல்கிறேன். அந்த மருந்தைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது; எத்தனை வருஷம் தங்கும், புல்லை அள்ளி எங்கே போடுவது, முதலில் எதை விதைப்பது, எல்லாம் தெரிந்தவர் நீங்கள்தான். இரண்டாவது, பலகை. ‘இந்த வேலிக்குள் விஷம் வராது’ என்று நீங்கள் எழுதியது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்துவிட்டது. வந்தால் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் வெளியே போக வேண்டும் என்று விதி இருக்கும்போது எவன் சொல்வான்? நீங்கள் ஆறு வருஷம் சொல்லவில்லை, உங்கள் அக்கா மூன்று மாதம் சொல்லவில்லை. அதை நீங்களே உங்கள் கையால் அழித்து, வேறு எழுத வேண்டும். பெயின்ட் நான் வாங்கி வைக்கிறேன். பண்ணை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாம் இரண்டு பேரும் வாங்கிக்கட்டிக்கொள்வோம்.

மூன்றாவது காரணம் உங்கள் அக்கா. தினமும் காலையில் ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். உள்ளே வருவதில்லை. கம்பி வேலிக்கு வெளியே, ரோட்டோரம் மூன்று தொட்டி வைத்திருக்கிறார். எங்கள் பாத்தி மண்ணை நான் கம்பி வழியாகக் கொடுக்கிறேன், அவர் விதை போடுகிறார். ‘உள்ள வாங்க டீச்சரம்மா’ என்றால், ‘இன்னும் பாக்கல’ என்கிறார். கொக்கியை வாங்கிக்கொண்டேனே தவிர நானும் அறைக்குத் திரும்பவில்லை. வேலிக்கு வெளியே அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நோட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும் அல்லவா?

இன்று காலை இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து பார்த்தோம். மூன்றாவது இலை வந்திருக்கிறது. சுருண்டுதான் வந்திருக்கிறது. ‘சரியில்லை’ என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். நான் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போட்டேன்.

எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று எழுதவும். வாசலில் இருப்போம்.

இப்படிக்கு
காய்ச்சல்